நாலுக்கு நாலு கியூப்: கோப்பாயில் வரும் கோபம்

"மாமா, மூண்டு பழகியாச்சு, இனி நாலு வாங்கட்டோ?" என்று மருமகன் நேற்று வட்ஸ்அப்பில் கேட்டான். மூண்டு என்றால் மூன்றுக்கு மூன்று ரூபிக் கியூப், நாலு என்றால் வரிசைக்கு நாலு கட்டை உள்ள அதன் அண்ணன். போன கிழமைதான் என்னுடைய நாலு பஸ்ஸுக்குள் வெடித்துச் சிதறியிருந்தது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் போனது. ஆறியபின் இதை எழுதுகிறேன். முழுக்க ஆறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

மூன்று வருசமாகக் கையில் இருக்கிறது, காந்தம் இல்லாத மலிவுச் சாமான். நான் வேகக்காரனும் இல்லை. நெல்லியடியில் யாழ்ப்பாண பஸ் ஏறினால் வல்லைப் பாலத்துக்குள் ஆறு முகங்களின் நடுவும் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்றில் நடுக்கட்டை இடம் மாறாது. இதில் முகத்துக்கு நாலு நடுக்கட்டை, எல்லாம் ஓடித் திரியும். எந்த நிறத்துக்கு எதிரே எது என்பது நம் தலைக்குள் இருக்கவேண்டும். முதல் மாதம் நீலத்தையும் பச்சையையும் மாற்றி வைத்துவிட்டு, மூலைகள் பொருந்தவில்லை, சாமான் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருக்கிறேன்.

புத்தூர், நீர்வேலி: விளிம்புகளைச் சோடி சேர்க்கும் நேரம். 24 துண்டு, 12 சோடி. இந்தக் கியூபின் சுகமே இதுதான். ஒரே நிறத் துண்டுகள் இரண்டும் 'டக்' என்று ஒட்டி நிற்கும்போது பக்கத்துச் சீற்றில் இருந்த ஆச்சிகூட எட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு மூன்றுக்கு மூன்று போலவே திருப்பிக்கொண்டு போகலாம்.

அப்புறம் கோப்பாய் வரும். மேல்முகம் மட்டும் மிச்சம். பார்த்தால் ஒரே ஒரு விளிம்புச் சோடி தலைகீழ். மூன்றுக்கு மூன்றில் யாராவது கழற்றிப் பூட்டினால் ஒழிய இப்படி வராது. இதிலோ இரண்டில் ஒரு தடவை வரும். உள்ளடுக்கைக் கால் சுற்றாக எத்தனை முறை திருப்பினோம், ஒற்றையா இரட்டையா என்பது சோடி சேர்க்கும்போது தெரியாது. கடைசியில்தான் கணக்குக் கேட்கும். தீர்க்க ஒரு நீளச் சூத்திரம், மனப்பாடமாக வரிசை தப்பாமல் திருப்பவேண்டும். அதன் நடுவில் கண்டக்டர் "தம்பி, மிச்சக்காசு" என்று நீட்டினால் போச்சு, திரும்பவும் வல்லை. அதைத் தாண்டினாலும் இரண்டு சோடி மட்டும் இடம் மாறி நிற்கும் இன்னொரு வில்லங்கம், அதுவும் இரண்டில் ஒன்று. ஆக, நாலில் ஒரு தடவைதான் நிம்மதியாக யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். இந்த நாலுக்கு நாலைச் செய்தவர் ரூபிக் அல்ல, பீட்டர் செபஸ்தேனி. விற்ற பெயர் மட்டும் 'ரூபிக்ஸ் ரிவெஞ்ச்', ரூபிக்கின் பழி. பெயரில் பொய் இல்லை.

போன கிழமை அந்தச் சூத்திரத்தின் பாதியில்தான் ஆத்திரத்தில் இழுத்துத் திருப்பினேன். ஒரு துண்டு கண்டக்டரின் காலடியில் கிடந்தது. வீட்டில் அம்மாவின் சுளகில் கொட்டி, வெளித்துண்டு 56ம் எண்ணிப் பூட்டினால், ஒரு மூலை முறுகி நிற்கிறது. கண்டபடி பூட்டினால் மூன்றில் ஒரு தடவைதான் சரிவருமாம். திரும்பக் கழற்றினேன்.

மருமகனுக்குச் சொன்னது இதுதான்: வாங்காதே. வாங்கியே ஆகவேண்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து வாங்கு, அதில் நடு அசையாது, இரண்டாவது வில்லங்கமும் இல்லை.

"அப்ப உங்கட நாலை எனக்குத் தாங்கோவன்" என்றான்.

தரமுடியாது. நாளைக்கு பஸ்ஸில் வேணும்.