‘டு’வா, ‘இங்’கா? ஆங்கில வினை வடிவங்கள் இரண்டும் நம் தமிழும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சாதாரண தரத்துக்கு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் பலரின் கொப்பியில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்றில் ‘டு’ கேட்கும் வினைகள்: வோன்ட், ஹோப், டிசைட், ப்ரொமிஸ், ரிஃபியூஸ். மற்றதில் ‘இங்’ கேட்கும் வினைகள்: என்ஜோய், அவொய்ட், ஃபினிஷ், கீப், சஜெஸ்ட். சோதனைக்கு முதல் நாள் இரண்டையும் பாடமாக்குவார்கள். மறுநாள் மண்டபத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பட்டியல் தேவைதான். ஆனால் அதை முதலில் வைப்பதுதான் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் கருத்து. ஆங்கிலம் ‘டு கோ’, ‘கோயிங்’ என்று பிரிக்கிற வேறுபாட்டின் பெரும்பகுதி தமிழில் ஏற்கனவே இருக்கிறது. போக, போய், போவதை, போனதை என்று நாம் நாள் முழுக்கப் பிரித்துத்தான் பேசுகிறோம். அந்தப் பழக்கத்தில் தொடங்கினால், மனப்பாடம் செய்ய மிஞ்சுவது கொஞ்சம்தான். தமிழ் நம்மைப் பிழையாக இழுத்துப் போகும் இடங்களும் இருக்கின்றன. அவற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இலக்கணத்தில் இவற்றை இன்ஃபினிடிவ், ஜெரண்ட் என்பார்கள். நான் ‘டு’ வடிவம், ‘இங்’ வடிவம் என்றே எழுதுகிறேன்.

எது முன்னே பார்க்கிறது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் ‘டு’ ஒரு முன்னிடைச்சொல், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் சொல். ஓர் இடத்தை நோக்கிப் போவதை அது காட்டியது. ‘கல்முனைக்கு’ என்பதில் ‘கு’ செய்கிற வேலையேதான். பிறகு அது வினையோடும் ஒட்டிக்கொண்டது. ‘இங்’ வந்த வழி வேறு. வினையைப் பெயராக்கும் ஒரு விகுதியிலிருந்து அது வந்தது, ஆகவே அது செயலை ஒரு பொருளாக, ஓர் அனுபவமாக எடுத்து முன்னால் வைக்கும். 1968இல் அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் பொலிஞ்சர் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பேசினார்: ‘டு’ வடிவம் இன்னும் நடக்காத, நடக்கக்கூடிய ஒன்றின் பக்கம் சாயும், ‘இங்’ வடிவம் நடந்த அல்லது நடக்கிற ஒன்றின் பக்கம் சாயும்.

இதை வைத்துப் பட்டியலைப் பாருங்கள். விரும்புவது, நம்புவது, தீர்மானிப்பது, வாக்குக் கொடுப்பது, மறுப்பது எல்லாமே இனி நடக்கவேண்டியதைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் ‘டு’. ரசிப்பது, முடிப்பது, விடாமல் செய்துகொண்டிருப்பது எல்லாம் கையில் இருக்கிற செயலைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் ‘இங்’. பாசிக்குடாவில் குளித்துக்கொண்டிருக்கிறவர் ‘ஐ என்ஜோய் ஸ்விம்மிங்’ என்பார். அடுத்த கிழமை போக நினைக்கிறவர் ‘ஐ ஹோப் டு ஸ்விம்’ என்பார்.

எல்லா வினையும் இதற்குள் அடங்காது. ‘மனேஜ்’ நடந்து முடிந்த காரியத்தைச் சொல்லும், ஆனாலும் ‘டு’ எடுக்கும். ‘சஜெஸ்ட்’, ‘போஸ்ட்போன்’ இரண்டும் இனி வருவதைப் பற்றியவை, ஆனாலும் ‘இங்’ எடுக்கும். இப்படியான விலகல்களுக்காகத்தான் பட்டியல் வேண்டும். விலகுகிறவை மட்டும் இருக்கும் பட்டியல் சின்னது, மனதில் நிற்கும்.

இரண்டும் வரலாம், பொருள் மாறும்

சிரமம் என்று பிள்ளைகள் பயப்படுகிற பகுதி இதுதான். நமக்கு மிகச் சுலபமான பகுதியும் இதுதான். ரிமெம்பர், ஃபோகெட், ஸ்டொப், ட்ரை, ரிக்ரெட் ஆகிய வினைகளுக்கு இரண்டு வடிவமும் வரும். எதைப் போடுகிறோமோ அதற்கேற்பப் பொருள் வேறாகும்.

படுவான்கரையில் இரவில் கேற் திறந்து கிடந்தால், விடியும்போது தோட்டத்தில் கத்தரிக் கன்று ஒன்றும் மிஞ்சாது, மாடு தின்றுவிடும். படுத்த பிறகு கணவர் எழும்பி, “கேற்றப் பூட்ட மறந்திட்டன்” என்கிறார். மனைவி, “இல்ல, நீங்க பூட்டினீங்க. பூட்டினத மறந்திட்டீங்க” என்கிறா. இரண்டு பேச்சிலும் மறதிதான். முதலாவதில் வேலை நடக்கவில்லை, இரண்டாவதில் வேலை நடந்திருக்கிறது. எந்தப் பிள்ளைக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. ‘பூட்ட’ என்றால் ‘டு லொக்’, ‘பூட்டினதை’ என்றால் ‘லொக்கிங்’. ‘ரிமெம்பர்’ அப்படியே: பூட்ட ஞாபகம் வைத்திரு என்றால் ‘ரிமெம்பர் டு லொக்’, பூட்டினது ஞாபகம் இருக்கு என்றால் ‘ஐ ரிமெம்பர் லொக்கிங்’.

ஆங்கிலத்தில் ‘ஃபோகெட்’டுக்குப் பின் ‘இங்’ அதிகமாக வருவது ‘ஐ வில் நெவர் ஃபோகெட்’ என்று தொடங்கும் வாக்கியங்களில். நம் கரையோர ஊர்களில் அந்த வாக்கியம் எழுதவேண்டிய தேவை பலருக்கு இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை பற்றி எழுதும்போது ‘ஐ வில் நெவர் ஃபோகெட் சீயிங் த வேவ்’ என்பதுதான் சரி. அலையைக் கண்டதை மறக்கமாட்டேன் என்று பொருள். ‘டு சீ’ என்று எழுதினால், இனிமேல் அலையைப் பார்க்கத் தவறமாட்டேன் என்றாகிவிடும். இப்படி ஒரு வாக்கியத்தில் வடிவம் பிழைத்தால் சொல்லவந்த துயரமே வேறொன்றாகிவிடுகிறது. அதனால்தான் இதைப் புள்ளிக்கான இலக்கணமாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

‘ஸ்டொப்’பைக் கல்லடிப் பாலத்தில் வைத்துப் பார்க்கலாம். 1924இல் திறந்த பழைய பாலத்தில் பௌர்ணமி இரவில் மீன் பாடுவதைக் கேட்க ஆட்கள் நிற்பது நெடுநாள் வழக்கம். ‘வீ ஸ்டொப்ட் டு லிஸன்’ என்றால் கேட்க நின்றோம். ‘வீ ஸ்டொப்ட் லிஸனிங்’ என்றால் கேட்பதை நிறுத்தினோம். ஆங்கிலம் ஒரே வினையை வைத்துக்கொண்டு அடுத்த சொல்லை மாற்றுகிறது. தமிழோ நில், நிறுத்து என்று வினையையும் மாற்றிவிடுகிறது. ஆகவே தமிழில் நினைத்துவிட்டு எழுதுகிற பிள்ளை இங்கே தடுமாற வழியே இல்லை. கேட்க, ‘டு’. கேட்பதை, ‘இங்’.

‘ட்ரை’ எனக்கு மிகவும் பிடித்த சோடி. அறுகம்பையில் சர்ஃபிங் சீசனில் வெளிநாட்டவர்களுக்குப் பலகையில் நிற்கப் பழக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் அவர்கள் சொல்லவேண்டியது ‘ட்ரை டு ஸ்டான்ட் அப்’. எழும்பி நிற்கப் பாருங்கள். நிற்பதே இங்கே இலக்கு, முடியாமலும் போகலாம். எழும்பியவர் திரும்பத் திரும்ப முன்பக்கமாக விழுந்தால் சொல்லவேண்டியது ‘ட்ரை ஸ்டான்டிங் எ லிட்டில் ஃபர்தர் பக்’. கொஞ்சம் பின்னுக்கு நின்று பாருங்கள். இப்போது நிற்பது இலக்கில்லை, அது ஓர் உபாயம். செய்து பார்க்கலாம், பலன் இருந்தால் தொடரலாம். நிற்கப் பார், நின்று பார். தமிழிலும் ‘பார்’ ஒன்றுதான், அதற்கு முன்னால் வருகிற வடிவம்தான் மாறுகிறது. ஆங்கிலமும் தமிழும் இவ்வளவு நெருங்கி வரும் இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

இதே வழியில் ‘லேர்ன்’, ‘ப்ரக்டிஸ்’ இரண்டும் பிடிபடும். நீந்தப் பழகு என்றால் ‘லேர்ன் டு ஸ்விம்’. பேசிப் பழகு என்றால் ‘ப்ரக்டிஸ் ஸ்பீக்கிங்’. சாப்பிட்டு முடி என்றால் ‘ஃபினிஷ் ஈட்டிங்’. சொல்லிக்கொண்டே இரு என்றால் ‘கீப் டெலிங்’. அதாவது தமிழில் ‘செய்து’ என்ற எச்சம் வந்தால் பெரும்பாலும் ‘இங்’, ‘செய்ய’ வந்தால் பெரும்பாலும் ‘டு’. ‘ரிக்ரெட்’ அலுவலகக் கடிதங்களில் ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ’ என்று வரும், இனிச் சொல்லப்போவதற்கு வருந்துகிறார்கள். ‘ஐ ரிக்ரெட் டெலிங் ஹிம்’ என்றால் சொன்னதற்கு வருந்துகிறேன்.

தமிழ் இழுத்துவிடும் இடங்கள்

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். மருதமுனைக்குச் சாரி வாங்குவதற்காகப் போனா என்பதை நம் பிள்ளைகள் ‘ஷீ வென்ட் டு மருதமுனை ஃபோ பையிங் எ சாரி’ என்று எழுதுவார்கள். ‘வாங்குவதற்காக’ என்ற சொல்லின் உருவமே ‘ஃபோ பையிங்’ என்று எழுதத் தூண்டுகிறது. ஆங்கிலத்தில் ஆளின் நோக்கத்துக்கு ‘டு பை’தான். ‘ஃபோ’வும் ‘இங்’கும் சேர்ந்து வருவது பெரும்பாலும் ஒரு பொருளின் பயனைச் சொல்லும்போது: இந்தக் கத்தி மீன் வெட்டுறதுக்கு, ‘திஸ் நைஃப் இஸ் ஃபோ கட்டிங் ஃபிஷ்’. திருத்த வழி சுலபம். ‘வாங்குவதற்காக’ என்பதை ‘வாங்க’ என்று சுருக்கிப் பாருங்கள். சாரி வாங்கப் போனா. இப்போது ‘டு’ தானாக வந்துவிடும்.

அடுத்தது ‘சஜெஸ்ட்’. என்னைப் போகச் சொன்னார் என்ற நினைப்பில் ‘ஹி சஜெஸ்டட் மீ டு கோ’ என்பது இங்கே அடிக்கடி காணும் பிழை. ‘சஜெஸ்ட்’ ஆளையும் ‘டு’வையும் சேர்த்து ஏற்காது. ‘ஹி சஜெஸ்டட் கோயிங்’ அல்லது ‘ஹி சஜெஸ்டட் தட் ஐ கோ’ என்று எழுதவேண்டும். ஆளைக் கட்டாயம் சொல்லவேண்டுமென்றால் ‘அட்வைஸ்’ உதவும்: ‘ஹி அட்வைஸ்ட் மீ டு கோ’. அதே ‘அட்வைஸ்’ ஆள் இல்லாமல் வந்தால் ‘இங்’குக்கு மாறிவிடும், ‘ஹி அட்வைஸ்ட் கோயிங்’ என்று. ‘அலவ்’ என்ற வினையும் இப்படித்தான்.

கடலில் குளிக்க விருப்பம் என்று நினைத்துக்கொண்டு ‘ஐ என்ஜோய் டு பேத்’ என்பதும் ‘குளிக்க’ என்ற சொல் செய்த வேலை. ரசிக்கிறேன் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தால் ‘குளிப்பதை’ என்றுதான் வரும், ‘பேதிங்’ சரியென்று தெரியும்.

எதுவானாலும் சரி என்கிற வினைகள்

பிகின், ஸ்டார்ட், கன்டினியூ மூன்றுக்கும் எதைப் போட்டாலும் பொருள் மாறாது. ‘பிகினிங் ரெய்னிங்’ என்று இரண்டு ‘இங்’ அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ‘லைக்’, ‘லவ்’, ‘ஹேட்’ மூன்றிலும் வேறுபாடு மெல்லியது, அதற்காக மாணவர் நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் ‘வுட் லைக்’ என்று வந்தால் ‘டு’ மட்டும்தான். வசனத்தின் தொடக்கத்தில் செயல் எழுவாயாக வந்தால் ‘ஸ்விம்மிங் இஸ் குட்’ என்பதே இயல்பு, ‘டு ஸ்விம் இஸ் குட்’ பிழையில்லை, ஆனால் பேச்சில் விறைப்பாக இருக்கும். கேன், மஸ்ட், ஷுட் என்பவற்றுக்குப் பின்னால் ‘டு’வும் இல்லை, ‘இங்’கும் இல்லை, வெறும் வினை.

‘டு’ போலத் தெரிந்து ‘இங்’ கேட்பது

கடைசியாக, வேலை தேடுகிறவர்களைப் பாதிக்கிற ஒன்று. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பட்டம் முடித்தவர்கள் எழுதும் விண்ணப்பக் கடிதங்களின் கடைசி வரி பெரும்பாலும் ‘ஐ லுக் ஃபோவட் டு ஹியர் ஃப்ரொம் யூ’ என்று முடிகிறது. உங்கள் பதிலை அறிய ஆவலாக உள்ளேன் என்பதில் ‘அறிய’ இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் ‘டு’வும் இருக்கிறது, ஆகவே யாரும் சந்தேகப்படுவதில்லை. சரியானது ‘டு ஹியரிங்’. இங்கே ‘டு’ பழையபடி வெறும் முன்னிடைச்சொல். இன், அட், ஒஃப், டு என எந்த முன்னிடைச்சொல்லுக்குப் பின்னும் வினை வந்தால் ‘இங்’தான். அதனால்தான் ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’ என்கிறோம்.

எந்த ‘டு’ முன்னிடைச்சொல் என்று கண்டுபிடிக்க, அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்க்கலாம். ‘ஐ லுக் ஃபோவட் டு த ஹொலிடே’ பொருந்துகிறது, ஆகவே ‘இங்’. ‘ஐ வோன்ட் டு த ஹொலிடே’ பொருந்தவில்லை, ஆகவே வெறும் வினை. ‘யூஸ்ட் டு’வில் இரண்டும் உண்டு. ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் கல்லடி’ என்றால் முந்தி கல்லடியில் இருந்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் கல்லடி’ என்றால் கல்லடியில் இருந்து பழகிவிட்டது, கடற்காற்றும் உப்புத்தண்ணீரும் ஒன்றும் செய்யாது. முதலாவதில் பெயர்ச்சொல்லை வைக்க முடியாது. இரண்டாவதில் ‘த ஹீட்’ என்று வைத்தால் அப்படியே பொருந்தும். ‘இருந்து பழகு’ என்று தமிழில் ‘செய்து’ எச்சம் வருவதும் ‘லிவிங்’தான் வேண்டும் என்கிறது.