கல்லடைப்பு வலிக்கு முதலில் எது: வயிற்று ஸ்கேனா (அல்ட்ராசவுண்ட்), சி.டி.யா?

விசைப்படகில் போய்விட்டு விடியற்காலை பாம்பனில் கரையேறியவர் நேராக அவசரப் பிரிவுக்கு வருகிறார். வலது விலாவை அழுத்திக்கொண்டு உட்காருகிறார், எழுகிறார், நடக்கிறார். "ஒரு எடத்துல இருக்க முடியல சார், கீழ வரைக்கும் இழுக்குது." ராத்திரி முழுக்கக் கடலில்; குடித்த தண்ணீர் ஒரு பாட்டில் இருந்தால் அதிகம். கல்லடைப்பாகத்தான் இருக்கும். (குடலில் ஓட்டை விழுந்தவர் இப்படிப் புரள மாட்டார், அசையாமல் கிடப்பார்.) வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டாயிற்று. அடுத்து எந்தப் படம்?

எக்ஸ்ரேயை முதலிலேயே தள்ளிவைக்கலாம். யூரிக் அமிலக் கல் அதில் தெரியாது. இடுப்புக் குழியில் ரத்தநாளத்துச் சுண்ணாம்புப் புள்ளியோ கல் மாதிரியே நிற்கும். தெரிந்த கல் இறங்குகிறதா என்று பின்னால் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

துல்லியத்தில் சி.டி.யை அடித்துக்கொள்ள ஆளில்லை. படம் தெளிய ஏற்றும் சாய மருந்து இல்லாமல் எடுத்தாலே நூற்றில் 95 கல்லுக்கு மேல் காட்டிவிடும். எத்தனை மில்லிமீட்டர், எங்கே சிக்கியிருக்கிறது என்றும் சொல்லும். குடல்வால் வீக்கம், மகாதமனி (வயிற்றின் பெரிய ரத்தக்குழாய்) வீக்கம் என்று கல் மாதிரி வேஷம் போடுகிறவையும் மாட்டும். ஆனால் வழக்கமான சி.டி.யில் கதிர்வீச்சு சுமார் 10 மில்லிசீவர்ட். குறைந்த அளவில் எடுத்தால் 3, 4க்குள் முடியும். கல் திரும்பத் திரும்ப வரும் நோய். முப்பது வயதுக்காரருக்கு ஒவ்வொரு வலிக்கும் ஒரு சி.டி. என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும்? தீவிலிருந்து பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை வலியோடு போகிற பயணம் வேறு.

வயிற்று ஸ்கேனில் கதிர்வீச்சே கிடையாது, படுக்கையருகிலேயே பார்த்துவிடலாம். ஆனால் கல்லை நேரில் காட்டுவதில் அது சுமார்தான். சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதி குடல் காற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். அது நன்றாகக் காட்டுவது, கல் அடைத்துச் சிறுநீர் தேங்குவதால் வரும் சிறுநீரக வீக்கத்தை. அதிலும் ஒரு சிக்கல்: உடம்பில் நீர் வற்றி வந்தவருக்கு அடைப்பு இருந்தும் வீக்கம் தெரியாமல் போகலாம். நம் கடல்காரருக்கு இது அப்படியே பொருந்தும். சிறுநீர்ப்பையும் ஓரளவு நிறைந்திருக்க வேண்டும். புதிதில் ஒருவரை "ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, கல் இல்லை என்று எழுதினேன். மறுநாள் சி.டி.யில், சிறுநீர்க்குழாய் பைக்குள் திறக்கிற வாசலிலேயே 4 மி.மீ. கல் உட்கார்ந்திருந்தது.

அப்படியும் நான் ஸ்கேன் பக்கம்தான். 2014இல் அமெரிக்காவின் 15 அவசரப் பிரிவுகளில் 2,759 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். அவர்கள் கணக்கில் முதல் படத்திலேயே கல்லைப் பிடித்தது சி.டி. 88 சதவீதம், ஸ்கேன் 54 முதல் 57தான். ஆனால் ஆபத்தான நோய் தவறிப்போய் வந்த சிக்கல்களில் பெரிய வித்தியாசமில்லை. ஸ்கேனில் தொடங்கியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் சி.டி. தேவைப்படவே இல்லை.

கர்ப்பிணி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்கேன்தான். காய்ச்சல், ஒற்றைச் சிறுநீரகம், ஊசிக்கும் அடங்காத வலி, அறுபதைத் தாண்டி முதல்முறை வரும் வலி: இவற்றுக்குத் தாமதிக்காமல் சி.டி. சிறுநீரில் ரத்தம் இல்லையே என்று கல்லை ஒதுக்கவும் கூடாது. பத்தில் ஒருவருக்காவது அப்படித்தான் இருக்கும்.

பாம்பன்காரருக்குத் தண்ணீர் கொடுத்து, பை நிறைந்ததும் ஸ்கேன் வைத்தோம். லேசான வீக்கம், வாசலருகே சின்னக் கல். காய்ச்சல் இல்லை, வலியும் அடங்கிவிட்டது. சி.டி. வேண்டாம் என்றேன்.

"அப்ப நாளைக்குக் கடலுக்குப் போகலாமா சார்?"

கல் விழும்வரை கரைதான் என்றேன். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தால் உடனே குழாய் வைத்து வடிக்க வேண்டும். நடுக்கடலில் அதற்கு யார் இருக்கிறார்கள்?