அடி உறுதி, நாக்கு மோசம்: ஒரு மலை பூட்டோடு சில வருஷங்கள்

ஆடித் தள்ளுபடியில், மலையேற நான் காலில் போட்டிருக்கும் அதே பூட்டின் விலை இறங்கியிருக்கிறது. "மாப்ள, இதை வாங்கலாமா?" என்று நண்பன் படம் அனுப்பிக் கேட்டான். அந்த வாரம்தான் என்னுடையதற்கு இரண்டாவது தடவையாக அடி மாற்றி வாங்கி வந்திருந்தேன். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பூட் எப்படிப்பட்டது என்று பெரிதாக விளக்கத் தேவையில்லை. கணுக்கால் மூடும் உயரம், முழுத் தோல், தையல் போட்ட அடி, விலை 6,000 ரூபாய் சுமார். நான் போவது மதுரையைச் சுற்றியுள்ள நாகமலை, யானைமலை, அழகர்கோவில் பக்கம். எப்போதாவது சிறுமலை, சதுரகிரி. பனிக்கும் சேற்றுக்கும் செய்த பூட்டின் பெருமையெல்லாம் இங்கே செல்லாது. வெயிலில் காய்ந்த கருங்கல், சரளை, சீமைக்கருவேல முள், இந்த மூன்றையும் தாங்க வேண்டும்.

அடியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. இதில் மேல்தோலையும் உள் அட்டையையும் சுற்றி ஒரு தோல் பட்டை தைத்து, அந்தப் பட்டையோடு அடியைத் தைத்திருக்கிறார்கள். வெல்ட் என்பார்கள். அடி தேய்ந்தால் மேல்தோலைத் தொடாமல் அடியை மட்டும் கழற்றி வேறு போடலாம். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் எனக்கு அதைத்தான் செய்தார். கத்தியால் நூலை அறுத்து அடியைப் பிரித்ததும் உள்ளே கார்க் என் பாதத்தின் அச்சை அப்படியே வாங்கியிருந்தது. கழற்றிய ரப்பரை மடக்கிக் காட்டினார். ஒடிந்த முள் முனைகள் கறுப்புப் புள்ளிகளாக உள்ளேயே நின்றிருந்தன. ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லை. "தோல் நல்ல தோல் தம்பி, இன்னும் ரெண்டு அடி தாங்கும்" என்றார். சொல்யூஷன் தடவி, பழைய ஓட்டைகளிலேயே குத்தூசி விட்டுத் தைத்துக் கொடுத்தார். கூலி 900 ரூபாய். இதற்கு முன் நான் போட்ட ஸ்போர்ட்ஸ் ஷூக்களில் அதே முள் மெத்தென்ற அடியைத் துளைத்துக் காலில் ஏறும். பாறைச் சூட்டில் ஒட்டு இளகி முன்பக்கம் வாயைப் பிளக்கும். அதோடு தூக்கிப் போட வேண்டியதுதான்.

ரப்பர் அடியில் ஆழமான பள்ளம் வெட்டி மலையேறிகளுக்குக் கொடுத்தவர் இத்தாலியின் விட்டாலே பிரமானி. 1935இல் ஆல்ப்ஸில் தன்னோடு வந்தவர்கள் இறந்துபோன பிறகு யோசித்து, 1937இல் கொண்டுவந்தார். விப்ரம் என்ற பூட் அடி பிராண்டின் பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் யானைமலை மாதிரி வழுக்குப் பாறையில் பள்ளத்தின் ஆழம் உதவாது. ரப்பர் இளகலாக இருந்து, அதிகப் பரப்பு கல்லில் படிய வேண்டும். கடையில் கட்டைவிரல் நகத்தை அடியில் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது பதியணும். பிளாஸ்டிக் மாதிரி நின்றால் இறக்கத்தில் பயம்தான்.

ஆடித் தள்ளுபடி என்றதும் எனக்கு உடனே தோன்றுவது, பெட்டியில் தயாரித்த மாதமும் வருஷமும் என்ன என்பதுதான். லேசான பூட் பலவற்றில் நடு அடி பாலியூரித்தேன் நுரை. காற்றில் உள்ள ஈரமே அதை மெல்ல அரித்துவிடும், சூடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் இது நடக்கும். குடோனில் சில வருஷம் கிடந்த பூட், வாங்கி இரண்டாவது மலையில் உதிர்ந்து போகலாம். பாதி விலையாகவே இருந்தாலும் பழைய சரக்கு வேண்டாம். தையலிலும் ஏமாற்று உண்டு. சில பூட்டில் ரப்பரிலேயே தையல் மாதிரி அச்சு மட்டும் இருக்கும். ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள், உண்மையான தையல் என்றால் நூல் தட்டுப்படும்.

தண்ணீர் புகாத ஜவ்வு வைத்த மாடல் நமக்குத் தேவையே இல்லை. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் கால் வேர்வையிலேயே ஊறிவிடும்.

இவ்வளவு நல்ல பூட்டில் நாக்கை, அதாவது கயிற்றுக்கு அடியில் புறங்காலை மூடும் துண்டை, பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. நாக்கை அடிப்பகுதியில் மட்டும் தைத்து, இரண்டு பக்கமும் திறந்தே விட்டிருக்கிறார்கள். ஏற்றத்தில் பாதி தூரம் போவதற்குள் அது வெளிப்பக்கமாகச் சரிந்து, உள்பக்கம் ஒரு விரல் நுழையும் சந்து விழுந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் நாகமலைச் சரிவில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். ஒட்டுப்புல்லும் நாயுருவி விதையும் அந்தச் சந்தில் நுழைந்து சாக்ஸைத் துளைத்துப் பாதத்தில் குத்தும். நின்று, கயிறு முழுக்க அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மறுபடி கட்டி, பத்து நிமிஷம் நடந்தால் திரும்பக் குத்தும். சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியில் போய் ஓடையைக் கடக்கும்போதும் இதே கதை. பூட் கணுக்கால் உயரம் இருந்து என்ன பயன்? தண்ணீர் அவ்வளவு ஏறவே வேண்டாம், நாக்கின் அடியிலேயே உள்ளே வந்துவிடும்.

நாக்கின் இரண்டு பக்கமும் மெல்லிய தோல் மடிப்பு வைத்து மேல்தோலோடு சேர்த்துத் தைத்தால் முடிந்தது. இதைவிட மலிவான பூட்டிலேயே அப்படி வருகிறது. தோலிலும் அடியிலும் கை தாராளமாக இருந்தவர்கள் இந்த இரண்டு துண்டுத் தோலில் போய் ஏன் கஞ்சத்தனம் பண்ணினார்கள்? அண்ணனிடம் சொல்லி மடிப்பு வைத்துப் பார்த்தேன். கயிற்றுக்கு அடியில் மடங்கிப் புறங்கால் எலும்பை அழுத்தியது. பிரித்துவிட்டோம். நாக்கின் நடுவில் இரண்டு கீறல் போட்டு அதன் வழியாகக் கயிற்றைக் கோத்த பிறகு சரிவது குறைந்தது. சந்து போகவில்லை. கம்பெனிக்கும் எழுதினேன். டிசைனே அப்படித்தான் என்று பதில் வந்தது.

அதனால் நண்பனிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். மூன்றாவது அடியும் போட்டு நான் இதிலேயே நடப்பேன், இந்தத் தோலை விட எனக்கு மனசு வராது. ஆனால் புதிதாகப் பணம் போடுகிறவன் ஒவ்வொரு மார்கழியும் பாறையில் உட்கார்ந்து புல் பிடுங்க வேண்டியதில்லை. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போ, மலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுப் பார், கயிறு கட்டியபின் படியில் இறங்கிப் பார், விரல் முன்னால் இடிக்கக் கூடாது, நாக்கின் பக்கவாட்டில் விரலை விட்டுப் பார், உள்ளே போனால் எடுக்காதே என்றேன்.

இந்த விலைக்குள் தைத்த அடியும் பக்கம் மூடிய நாக்கும் சேர்ந்த பூட்டை மதுரைக் கடைகளில் யாராவது பார்த்திருந்தால் எந்தக் கடை என்று சொல்லுங்கள். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று வாங்க வேண்டும்.