லிண்டோரா, பயேஸா? 2011-இல் அடுத்தடுத்துத் தேர்வான இரண்டு ஷார்ட்ஸ்டாப்புகள்

2011 ஜூனில் நடந்த அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் டிராஃப்ட்டில், அதாவது அணிகள் வரிசைப்படி இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எட்டாவது வாய்ப்பு கிளீவ்லாந்து அணிக்கு. அது ஃபிரான்சிஸ்கோ லிண்டோரை எடுத்தது. ஒன்பதாவது வாய்ப்பில் சிகாகோ கப்ஸ் ஹாவியேர் பயேஸை எடுத்தது. இருவரும் புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள். ஃபுளோரிடாவில் உயர்நிலைப் பள்ளி படித்தவர்கள். இருவருமே ஷார்ட்ஸ்டாப். ஒப்பந்தப் பணமாக லிண்டோருக்கு 29 லட்சம் டாலர், பயேஸுக்கு 26 லட்சத்துச் சொச்சம். ஒரு பதினேழு, பதினெட்டு வயதுப் பையனை எதை வைத்து எடைபோடுவது என்று பார்க்க இந்த ஜோடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கு: அடித்தவர் சுற்றி ஓட வேண்டிய முனைகள்தான் பேஸ்கள்; இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவர்தான் ஷார்ட்ஸ்டாப். கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நிற்பவரின் பாய்ச்சலும் வீசும் கையும் அவருக்கும் வேண்டும்.  வலது கை ஆட்டக்காரர்கள் தரையோடு இழுத்து அடிக்கும் பந்துகளில் பெரும்பங்கு அவர் பக்கம்தான் போகும். அடித்தவர் முதல் பேஸை எட்ட நான்கு நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அதற்குள் ஓடி, குனிந்து, எடுத்து, கையை மாற்றி, மைதானத்தின் குறுக்கே வீசி முடிக்க வேண்டும். ஒரு தடுமாற்றத்துக்கும் இடமில்லை.

இளம் ஆட்டக்காரர்களைத் தேடி எடைபோடும் ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்டம், வீசும் கை, ஃபீல்டிங் என்று ஐந்து திறமைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள்: இன்றைக்கு எவ்வளவு, முழுதாக வளர்ந்த பிறகு எவ்வளவு. முதல் எண்ணை மைதானத்தில் பார்த்தே எழுதிவிடலாம். கஷ்டமெல்லாம் இரண்டாவது எண்ணில்தான், இந்த இரண்டு பையன்களைப் பற்றிய கணிப்பு பிசகியதும் அங்கேதான்.

முதலில் ஃபீல்டிங். லிண்டோரைப் பற்றி இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவருடைய பலம் கால்கள். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போதே முதல் அடி சரியான பக்கம் விழும். பந்தை எடுக்கும் நேரத்தில் உடம்பு ஏற்கெனவே வீசத் தயாராக இருக்கும். அதனால் அவர் அவசரப்படுவதே கண்ணில் படாது. இவர் ஷார்ட்ஸ்டாப்பாகவே நிலைப்பார் என்று எல்லா அறிக்கைகளும் சொல்லின, அதுவே நடந்தது. 2015 ஜூனில் மேஜர் லீக்குக்கு வந்தார், அடுத்த ஆண்டே சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருதும் அதற்கும் மேலான பிளாட்டினம் கிளவ் விருதும் வாங்கினார். இன்று வரை ஃபீல்டிங்கில் வேறு இடத்துக்கு அவரை யாரும் மாற்றவில்லை.

பயேஸ் கதை வேறு. கை பலமானது, எந்தப் பந்தையும் வளைத்துப் பிடிக்கும் சாமர்த்தியமும் உண்டு. ஆனால் 2013-இல், மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில், ஒரே பருவத்தில் 44 பிழைகள், அதாவது ஃபீல்டரின் தவறு என்று கணக்கில் எழுதப்படுபவை. இவர் மூன்றாம் பேஸுக்கோ இரண்டாம் பேஸுக்கோ போய்விடுவார் என்ற பேச்சு இதனால் வலுத்தது. அந்த 44-ஐப் பார்த்து மிரண்டவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இளம் ஷார்ட்ஸ்டாப்பின் பிழைக் கணக்கு தனியாக எதையும் சொல்லாது. மற்றவர்கள் எட்டவே முடியாத பந்தை எட்டிவிட்டு, வீசத் தேவையில்லாத நேரத்தில் வீசுபவனுக்கும் பிழை ஏறும். நேரே வரும் பந்தைக் கைநழுவ விடுபவனுக்கும் ஏறும். முதல் வகைக்குப் பொறுமையைக் கற்றுக் கொடுத்தால் போதும். இரண்டாம் வகையைத் திருத்துவது கடினம். டெரெக் ஜீட்டர் 1993-இல் கிரீன்ஸ்போரோ என்ற மைனர் லீக் அணியில் 56 பிழைகள் செய்தார். அப்புறம் இருபது பருவங்கள் யாங்கீஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றார். அந்த முன்னுதாரணம் கண்முன்னே இருந்தும் பலர் பயேஸின் எண்ணைத்தான் பார்த்தார்கள், பிழையின் வகையைப் பார்க்கவில்லை.

நடந்தது என்ன? 2014 ஆகஸ்ட்டில் பயேஸ் மேஜர் லீக்குக்கு வந்தது இரண்டாம் பேஸ்காரராக. கப்ஸ் அணியில் ஸ்டார்லின் காஸ்ட்ரோ ஷார்ட்ஸ்டாப்பில் இருந்தார். போதாததற்கு அந்த ஜூலையில்தான் அடிசன் ரஸ்ஸலையும் வாங்கியிருந்தார்கள். ஆகவே இடம் மாறியதற்கு அவருடைய ஃபீல்டிங் மட்டும் காரணமில்லை. இதே சமயம் கிளீவ்லாந்து 2014 ஜூலையில் அஸ்ட்ரூபல் கப்ரேராவை விற்று லிண்டோருக்கு வழிவிட்டு வைத்திருந்தது. ஒரு பையன் எந்த இடத்தில் வளர்கிறான் என்பதை அணியின் வரிசையும் தீர்மானிக்கிறது, இதை எந்த ஸ்கவுட் அட்டையும் சொல்வதில்லை. பிறகு 2019-இல் பயேஸ் கப்ஸின் முழுநேர ஷார்ட்ஸ்டாப் ஆனார், 2020-இல் அந்த இடத்துக்கே கோல்டு கிளவ் வாங்கினார். ஓடி வருபவரைத் தொட்டு அவுட்டாக்குவதில் அவர் காட்டிய வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. 'எல் மாகோ', அதாவது மந்திரவாதி, என்ற பட்டப்பெயருக்கு அந்தக் கைகள் முழுத் தகுதி உடையவை.

இப்போது மட்டை. இங்கே ஆரம்பத்தில் பயேஸ்தான் முன்னால் இருந்தார், அதுவும் வெகு தூரம் முன்னால். மட்டை சுற்றும் வேகத்தில் அவரை முன்னாள் அதிரடி ஆட்டக்காரர் கேரி ஷெஃபீல்டோடு ஒப்பிட்டார்கள். 2013-இல் மைனர் லீக்கில் 37 ஹோம் ரன்கள் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி), தன் அடியால் அணிக்கு 111 ரன்கள் சேர்த்துக் கொடுத்தார். ஜூனில் டேட்டோனா அணிக்காக ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள். அதே ஆண்டு லிண்டோர் அடித்தது வெறும் இரண்டு ஹோம் ரன். எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பயேஸை விட்டு லிண்டோரை எடுத்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

ஆனால் அந்தப் பருவத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. லிண்டோர் ஸ்ட்ரைக் அவுட் ஆனதைவிட அதிக முறை வாக் வாங்கினார். ஸ்ட்ரைக் அவுட் என்றால் அடிக்கத் தவறியோ நல்ல பந்தை விட்டோ மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறுவது; வாக் என்றால் எல்லைக்கு வெளியே வந்த நான்கு பந்துகளை விட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது. பத்தொன்பது வயதில், தன்னைவிட மூத்த பந்துவீச்சாளர்களுக்கு எதிராக, இரண்டு கைப்பக்கமும் நின்று ஆடியபடி. எந்தப் பந்தை விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பயேஸோ அந்த ஆண்டு 147 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். வெளியே தாழ்வாக விலகிப் போகும் ஸ்லைடரைத் துரத்துவது அவருடைய பழக்கம். மேஜர் லீக்குக்கு வந்ததும் பந்துவீச்சாளர்கள் அதைக் கண்டுபிடிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை: 2014-இல் 52 ஆட்டங்களில் 95 ஸ்ட்ரைக் அவுட், சராசரி .169, அதாவது நூறு வாய்ப்பில் பதினேழு முறைகூடச் சரியாக அடிக்கவில்லை.

வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயேஸ் பிறந்தது 1992 டிசம்பர், லிண்டோர் 1993 நவம்பர். ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம். முப்பது வயதுக்காரர்களிடம் இது ஒன்றுமில்லை. பதினேழு வயதில் இது தோளின் அகலம், தொடையின் பலம், எல்லாமே. லிண்டோரின் உடம்பு இன்னும் நிரம்பவில்லை என்பதை அவருடைய ஹோம் ரன் கணக்குக்குக் காரணமாக எடுத்துக்கொண்டவர்கள் சரியாகக் கணித்தார்கள். பலம் வந்தது. 2016-இல் 15 ஹோம் ரன், 2017-இல் 33, 2018-இல் 38. ஒல்லியான ஃபீல்டிங் பையன் என்று சொல்லப்பட்டவர் 2023-இல் 31 ஹோம் ரன்னும் 31 பேஸ் திருட்டும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) சேர்த்தார்.

நியாயமாக, பயேஸின் உச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். 2018-இல் .290 சராசரி, 34 ஹோம் ரன், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே அதிகமாக 111 ரன்கள் அடித்துக் கொடுத்தார். எம்விபி, அதாவது ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர், வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். பார்க்க அவ்வளவு அருமையான பருவம். ஆனால் அந்த உச்சத்திலும் 167 ஸ்ட்ரைக் அவுட், 29 வாக். பந்தைத் துரத்தும் பழக்கம் போகவில்லை, அதையும் மீறித்தான் அவர் ஜெயித்தார். மட்டையின் வேகம் ஒரு சிறு அளவு குறைந்தாலும் அந்த ஆட்டம் தாங்காது. 2021-இல் 184 ஸ்ட்ரைக் அவுட்டோடு நேஷனல் லீகில் முதலிடம். ஆறு ஆண்டுக்கு 14 கோடி டாலர் கொடுத்து டெட்ராய்ட் அவரை எடுத்த பிறகு மட்டை வருடக்கணக்கில் வாடியது. லிண்டோரோ நியூயார்க் மெட்ஸுடன் 10 ஆண்டுக்கு 34.1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார், 2024-இல் ஜப்பானிய நட்சத்திரம் ஓட்டானிக்கு அடுத்தபடியாக எம்விபி வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார்.

எனக்கு இதில் தெரிவது இதுதான். இருவருடைய அட்டையிலும் எது பலவீனம் என்று எழுதப்பட்டதோ அது பிறகு பலமானது: லிண்டோரின் அடி, பயேஸின் ஃபீல்டிங். இரண்டுமே உடம்பு நிரம்புவதாலும் பயிற்சியாலும் வளரக்கூடியவை. வளராமல் அப்படியே நின்றது, எந்தப் பந்தை விடுவது என்ற முடிவு. பதினெட்டு வயதில் இருந்த அதே இடைவெளி முப்பது வயதிலும் இருவருக்கும் இடையே இருந்தது. அதனால் ஒரு இளம் ஷார்ட்ஸ்டாப்பைப் பார்க்கப் போனால் அவன் அடிக்கும் பந்துகளைவிட விடும் பந்துகளைத்தான் நான் கவனிப்பேன். பயிற்சி நேரத்தில் வேலிக்கு அப்பால் எத்தனை பந்து பறந்தது என்பதை யாரும் எண்ணலாம். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு வரும் வளைபந்துக்கு அவன் தோள் திறக்கிறதா, நிற்கிறதா என்று பார்க்க மூன்று நான்கு ஆட்டங்களாவது பொறுமையாக உட்கார வேண்டும்.

எட்டாவது இடத்தில் நான் இருந்திருந்தால் லிண்டோர்தான். அதற்காக ஒன்பதாவது இடத்தில் கப்ஸ் ஏமாந்தது என்று சொல்ல மாட்டேன். 2016-இல் அவர்களை, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்குக் கொண்டுபோன நேஷனல் லீக் இறுதிச் சுற்றில் பயேஸ் பந்துவீச்சாளர் ஜான் லெஸ்டரோடு சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டார். பிறகு உலகத் தொடரில் அவர்கள் தோற்கடித்தது கிளீவ்லாந்தை, லிண்டோர் ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற அணியை. சாம்பியன் பட்டத்துக்கான கப்ஸின் 108 ஆண்டுக் காத்திருப்பு அத்தோடு முடிந்தது.