சைக்கிளுக்குத் துணைபோகும் பழைய வேன்: சில வருட அனுபவம்

ஆந்திராவில் இருக்கிற குப்பம் ஊரில் கிளம்பி பலமனேர், மதனப்பள்ளி, கதிரி வழியாக அனந்தபூர், சில சமயம் அதையும் தாண்டி பொம்மனஹாள் மணல்மேடு வரைக்கும் மச்சான் சைக்கிள் மிதிப்பார், நான் வேன் ஓட்டுவேன். சில வருடமாக இப்படித்தான். துணைக்கு எந்த வண்டி தோதுப்படும் என்று கேட்பவர்களுக்காக இது.

என்னுடையது சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருக்கிற பழைய மாடல், இப்போது புதிதாக வருவதில்லை. பின்சீட்டைக் கழற்றிவிட்டால் சைக்கிளை அப்படியே சாய்த்து வைக்கலாம், தள்ளுகதவு என்பதால் ஒடுங்கின ரோட்டோரத்திலும் திறந்துபோட்டு வாசலிலேயே உட்கார்ந்து பஞ்சர் பார்க்கலாம். இந்த இரண்டுக்காகவே விற்க மனசு வரவில்லை. ஆனால் சூடு, அப்பப்பா! ஏப்ரலில் கதிரி தாண்டினால் அடுப்பு மேல் உட்கார்ந்த கதைதான்.

அதைவிடப் பெரிய தொல்லை, சைக்கிள் வேகத்துக்கு இரண்டாவது கியரில் ஊர்ந்தால் ரேடியேட்டருக்குக் காற்றே போகாமல் டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே இருக்கும். லாரிக்காரர்கள் முந்த முடியாமல் ஹாரன் அடிப்பார்கள், மச்சானும் "மாமா, முதுகுக்குப் பின்னாலேயே வராதே, முன்னாடி போ" என்று கத்துவார். அதனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்னால் போய் ஒரு புளியமரம் பார்த்து நிற்பதுதான் சரி. ஆடாக்ஸ் சவாரிக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரிக்கு, தயாராகிறவர்களுக்கும் இதுவே நல்லது. அங்கே 600 கி.மீ.யை 40 மணி நேரத்தில் முடிக்கணும், துணை வண்டி கன்ட்ரோல் பாயிண்டில் (வழியில் வருகையைப் பதிவு செய்கிற இடத்தில்) மட்டுமே உதவலாம், வழியில் பின்னாலேயே வரக்கூடாது.

தண்ணீர் விஷயத்தில் விலை உயர்ந்த ஐஸ் பெட்டியெல்லாம் வேண்டாம். கேன் மேல் ஈரக்கோணி சுற்றி நிழலில், காற்றுபடுகிற இடத்தில் வையுங்கள். அனந்தபூர் மழைமறைவுப் பூமி, வருடத்துக்குச் சுமார் 550 மி.மீ.தான் மழை. அந்த வறண்ட காற்றில் ஈரம் சீக்கிரம் ஆவியாகித் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், சென்னைப் புழுக்கத்தில் இந்த வித்தை இவ்வளவு எடுபடாது. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும், அதனால் உப்புப் போட்ட மோரும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் கட்டாயம்.

அப்புறம் சீமைக்கருவேல முள். ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்பக்கம் முழுக்கப் பஞ்சை ஓட்டிப் பாருங்கள், முள் நுனி இருக்கிற இடத்தில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். ட்யூப்லெஸ் டயர் போடுகிறவர்கள், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றுகிற பால் போன்ற சீலன்ட் வெயிலில் சீக்கிரம் காய்ந்துபோகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலையில் உரவகொண்டா பக்கம் மேற்குக் காற்று எதிரே அறையும், காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்றுதான் வேதவதி ஆற்று மணலை வாரிக்கொண்டுவந்து பொம்மனஹாள் பக்கத்து தர்கா ஹொன்னூர் வயல்களில் மேடுமேடாகக் கொட்டுகிறது. அங்கே தார் ரோடு முடிகிற இடத்திலேயே வேனை நிறுத்திவிடுங்கள். இந்தச் சின்ன டயருக்கு மணல் ஆகாது, புதைந்தால் டிராக்டரைத்தான் தேடணும்.

சூட்டுக்கு இன்ஜின் மூடியின் உள்பக்கம் வெப்பத்தடுப்பு ஷீட் ஒட்டலாம் என்கிறார் மெக்கானிக். ஒட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் கோடையில் தாங்குகிறதா, இல்லை பசை உருகி நாறுகிறதா என்று சொல்லுங்கள்.