சிறுவயது ரைபிள்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

சின்ன வயதில் கைக்கு வந்த ரைபிள் பெரும்பாலும் ஒரு .22 ரிம்ஃபயராகத்தான் இருக்கும், அதாவது விளிம்பில் ஊசி அடித்தால் வெடிக்கும் சிறிய .22 தோட்டாவைச் சுடுவது. ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு, தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடி, பின்னால் இருக்கும் குமிழைக் கையால் இழுத்துவிட்டுச் சுடுகிற எளிய ரகம். வின்செஸ்டர் மாடல் 67 அப்படிப்பட்டது. 1934 முதல் 1963 வரை வந்தது. இல்லையென்றால் மார்லின் மாடல் 60 போலத் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம். 1960இல் வந்த இது ஒரு கோடிக்கு மேல் விற்றது. இவ்வளவு பெருகிக் கிடக்கிற பொருளுக்குச் சந்தையில் பெரிய விலை வராது. உங்கள் பாசத்துக்கு வாங்க வருகிறவர் காசு தரமாட்டார்.

விற்பதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் கையில் இருப்பது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். முதலில் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, தோட்டாக்கள் அடுக்கிய மெகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் சரிபார்க்கவும். தோட்டாக்களை ஒரு குழாயில் வரிசையாக நிரப்பும் குழாய் மெகசின் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உள்குழாயை உருவி எடுத்த பிறகும் ஒரு தோட்டா உள்ளே சிக்கி நிற்கலாம்.

அடுத்து போல்ட்டை வெளியே எடுத்து, குழல் முனையில் வெளிச்சம் காட்டி, பின்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். சொரசொரப்பாகத் தெரிந்ததும் துரு என்று முடிவுகட்ட வேண்டாம். ஈயக் கசடும் அப்படித்தான் தெரியும். வெண்கலத் தூரிகை போட்டு, துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கருவளையம் தெரிந்தால் குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். முன்பு சிக்கி நின்ற ஒரு குண்டின் மேல் அடுத்த குண்டு மோதியதால் வருவது அது. அந்த இடத்தில் வெளியே விரலை ஓட்டினால் லேசான மேடு சில சமயம் தட்டுப்படும். புதுக்குழல் போடும் செலவு பல சமயம் ரைபிளின் விலையையே தாண்டிவிடும்.

தோட்டா நுழைய மறுத்தாலோ, சுட்ட பின் கூடு வெளிவரச் சிரமப்பட்டாலோ அறையின் விளிம்பைப் பாருங்கள். பிள்ளைகள் தோட்டா இல்லாமலே ட்ரிக்கரை இழுத்து விளையாடியிருப்பார்கள். ரிம்ஃபயரில் ஊசி தோட்டாவின் விளிம்பை அடிக்க வேண்டியது. தோட்டா இல்லாதபோது அறையின் விளிம்பையே அடித்துப் பிசிறு எழுப்பிவிடும். அதை உள்ளிருந்து அமுக்கிச் சரிசெய்ய ஒரு கருவி உண்டு. துப்பாக்கி மெக்கானிக்குக்குச் சின்ன வேலைதான். நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டாவையே வருடக்கணக்கில் சுட்டிருந்தால் அறைக்குள் ஒரு அரிப்பு வளையம் விழுந்து, ‘லாங் ரைபிள்’ எனப்படும் நீளமான .22 தோட்டாவின் கூடு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இதைச் சரிசெய்வது அத்தனை சுலபமில்லை.

விற்பதே சரி என்று படுகிறதா? அப்படியானால் அதை அழகுபடுத்தாதீர்கள். விற்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். இரும்பின் மங்கிய நீலப்பூச்சின் மேல் சூடாக்காமல் தடவும் குளிர்பூச்சு தடவுவது, மரப்பிடியான ஸ்டாக்கைத் தேய்த்துப் புதுவார்னிஷ் அடிப்பது, ஸ்கோப்புக்காகத் துளை போடுவது, இவையெல்லாம் சேகரிப்பவரின் பார்வையில் விலையைக் குறைக்கும். மேலே லேசாக எண்ணெய் பூசித் துடைத்தால் போதும். படம் எடுக்கும்போது குழல் எழுத்துகள், ஸ்க்ரூ தலைகள், குழல் முனை, ட்ரிக்கருக்குப் பின்னால் ஸ்டாக் ஒடுங்கும் இடம் எல்லாம் தெரியட்டும். விரிசல் அந்த ஒடுங்கிய இடத்தில்தான் அதிகம் விழும். சிறுவனின் தோளுக்காக ஸ்டாக்கை அறுத்திருந்தால் தோளில் பதியும் பின்தகட்டுக்கும் மரத்துக்கும் விளிம்பு பொருந்தாது. அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அமெரிக்கத் தயாரிப்பில் வரிசை எண்ணே இல்லை என்றால் பதற வேண்டாம். வரிசை எண்ணைக் கட்டாயமாக்கிய 1968 அமெரிக்கச் சட்டத்துக்கு முன் பல .22கள் எண் இல்லாமலே வந்தன. எண் இருந்து சுரண்டப்பட்டிருந்தால் அது வேறு விவகாரம். விற்கும் பேச்சுக்கு முன் சட்டம் தெரிந்தவரிடம் போங்கள்.

கடைக்காரர் உடனே பணம் தருவார், தன் லாபத்தைக் கழித்துக்கொண்டு. கமிஷனுக்கு வைத்து விற்றால் கூடக் கிடைக்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். நேரடியாக விற்பதில் விலை நன்றாக இருக்கும். உரிமம், பெயர் மாற்றம் முழுக்க உங்கள் தலையில். சொந்தக்காரருக்குச் சும்மா கொடுத்தாலும் பல நாடுகளில் இதே நடைமுறைதான்.

வைத்துக்கொள்வதில் செலவு குறைவு, ஆனால் வேலை ஓயாது. பூட்டுள்ள இரும்புப் பெட்டி, தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, 40 முதல் 50 சதவீத ஈரப்பதம், சிலிகா ஜெல். உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவதுதான் ரைபிளைக் கொல்லும் வழி. தோலும் துணியும் ஈரத்தைக் குடித்து இரும்பில் பிடித்துவைக்கும். நீண்டநாள் வைப்பதானால் குழல்முனை கீழே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, கைரேகை படிந்த இடங்களைத் துடைக்க வேண்டும். பழைய ரைபிள் உயரத்துக்குப் பொருந்தவில்லை என்பதை விற்கக் காரணமாகச் சொல்லாதீர்கள். ட்ரிக்கரிலிருந்து பின்தகடு வரை சிறுவர் ரைபிளில் சுமார் 12 அங்குலம், பெரியவர்களுக்கு 13.5 அங்குலம் அளவில் வேண்டும். பின்தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு இடைத்தகடுகளும் நீள ஸ்க்ரூவும் போட்டால் சரியாகிவிடும். வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

எங்கள் கணக்கு இது: சாதாரண ரகம், குழல் நன்றாக இருக்கிறது, பூட்டி வைக்க இடமும் துடைக்க ஆளும் இருக்கிறார்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வரும் பணம் சொற்பம். விற்ற பிறகு அதே துப்பாக்கி திரும்பக் கிடைக்காது. அரிய ரகம், பெட்டியோடு, சுடாத நிலையில் இருந்தால் விற்பதே மேல். சுடச்சுட அதன் விலை இறங்கும், சுடாமல் வைத்திருந்தால் உங்களுக்கும் பயனில்லை. பரணில்தான் கிடக்கப்போகிறது என்றால் இந்த வருடமே கைமாற்றுங்கள். துரு உங்களுக்காகக் காத்திருக்காது. வீட்டில் யாராவது கடும் மன உளைச்சலில் இருந்தால் இந்த அலசல் எதுவும் வேண்டாம். விற்காவிட்டாலும், உரிமம் உள்ள கடையில் ஒப்படைத்து வெளியே வைத்துவிடுங்கள்.

சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து சுவரில் மாட்டும் வழியும் உண்டு. ஆனால் அதன்பின் அது வெறும் அலங்காரப் பொருள். அதற்காக அடைத்துவிட்ட குழலை மீட்க முடியாது.

விற்பதென்று முடிவானால் ஞாபகத்துக்காகக் குறிபார்க்கும் பழைய சைட்டையோ பின்தகட்டையோ கழற்றி வைத்துக்கொள்ளாதீர்கள். அசல் பாகம் ஒன்று குறைந்தாலும் விலை இறங்கும். பின்னாளில் வாங்கி மாட்டிய தோள்வார் இருந்தால் அதை உருவிக்கொள்ளுங்கள், வாங்குகிறவருக்கு அதில் நஷ்டமில்லை.