மணிக்கட்டு அழுத்தப் பட்டி: வார்ட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

கை வழியாக அஞ்சியோகிராம் (இதய நாடிகளைப் படம்பிடிக்கும் பரிசோதனை) செய்து முடிந்ததும் மணிக்கட்டில் கட்டும் காற்றுப் பட்டியை, கண்டியிலுள்ள எமது வார்ட்டில் நாளாந்தம் கையாளுகிறோம். பொருள் நல்லது; ஆனால் இறுக்கிக் கட்டி, நேரத்தைக் குறித்துவைப்பதோடு வேலை முடிந்தது என்றிருப்பவர்களின் கையில் அதுவே நோயாளியின் நாடியை, அதாவது மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக ஓடும் இரத்தக் குழாயை, அடைத்துவிடும்.

இதன் முதற் சிறப்பு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். ஊசி குத்திய இடத்தின் மேல் அடையாளப் புள்ளியைப் பொருத்தி, காற்றேற்றி, நாடியின் உள்ளிருக்கும் பரிசோதனைக் குழாயை உருவி எடுத்த பின், இரத்தம் கசிகிறதா என்பதைப் பட்டியை அவிழ்க்காமலே பார்க்கலாம். துணியை உருட்டி வைத்து பிளாஸ்டரால் கட்டும்போது இந்த வசதி கிடையாது.

காற்றைச் சிறிது சிறிதாக இறக்கி, ஒரு துளி இரத்தம் எட்டிப்பார்த்ததும் ஓரிரு மில்லிலீற்றர் திரும்ப ஏற்றி நிறுத்துவதே சரியான முறை. பின்னர் பெருவிரலில் ஒட்சிசன் அளவைக் காட்டும் கிளிப்பை மாட்டி, சுண்டுவிரல் பக்கத்து நாடியை அழுத்திப் பிடித்தபோதும் திரையில் நாடித்துடிப்பின் அலை ஓடினால், பட்டியின் கீழே இரத்தம் ஓடுகிறது. அலை படுத்துவிட்டால் இன்னும் காற்றை இறக்க வேண்டும். நுவரெலியாப் பக்கத்திலிருந்து வருபவர்களின் கை சில்லிட்டிருந்தால் அலை மங்கலாகவே தெரியும் என்பதால், கம்பளியால் சூடாக்கிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

1989இல் கனடிய இதய மருத்துவர் லூசியன் கம்போ மணிக்கட்டு வழி அஞ்சியோகிராம் செய்யும் முறையை வெளியிட்டார். இன்றும் இதில் அதிகம் காணப்படும் சிக்கல்களில் ஒன்று நாடியடைப்பு. உள்ளங்கைக்கு மற்ற நாடியும் இரத்தம் கொடுப்பதால், அடைபட்டது நோயாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆனால் அடுத்த தடவை அவ்வழியே போவதும், பைபாஸுக்கு அந்த நாடியை எடுப்பதும், சிறுநீரகம் பழுதடைந்தால் டயலிசிஸுக்கு அதைப் பயன்படுத்துவதும் கடினமாகிவிடும்.

பட்டி மட்டும் நாடியைக் காப்பாற்றாது. இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெப்பரின் போதிய அளவில், நாடியின் அகலத்துக்கு மிஞ்சாத மெல்லிய குழாய், நாடி இறுகாதிருக்கச் செலுத்தும் மருந்து ஆகியன அஞ்சியோகிராம் செய்யும் லாப்பிலேயே முடிவாகிவிடுகின்றன.

குறைகளும் உண்டு. நாங்கள் பயன்படுத்தும் வகைக்கு அதனுடன் வரும் சிரிஞ்சே பொருந்துகிறது. அது குப்பைக்குப் போய்விட்டால் சங்கடந்தான், ஆகவே கட்டிலோடு ஒட்டியே வைக்கிறோம். கொழுந்து பறிக்கும் பெண்களின் மெலிந்த மணிக்கட்டில் புள்ளி விலகிவிடுவதால், அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. பட்டியை அகற்றி வீடு செல்பவர்களிடம், ஹட்டன் பஸ்ஸின் வளைவுகளில் அந்தக் கையால் கம்பியில் தொங்க வேண்டாம் என்றும், டாக்டர் சொல்லும்வரை கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டாம் என்றும் சொல்லியே அனுப்ப வேண்டும்.